கால் பார்த்தார்களா என்று கேட்டார்கள்

என் வலது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. என்ன ஆயிற்று என்று கம்பெனியில் கேட்கிறார்கள், தெருவில் கேட்கிறார்கள். யாராவது எதிரில் நின்று கேட்டால் எனக்கு வாய் வராது. "ஒண்ணுமில்ல, சின்னப் புண்ணு" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். அது சின்னப் புண் இல்லை. சர்க்கரை உள்ள யாருக்கும் இது வரலாம். என்னைப் போலக் கூச்சப்படுகிற ஆளாக இருந்தால் சீக்கிரமே வரும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம், அதனால் எழுதிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. பெட்டியின் ஓரத்தை மடித்துக் கம்பிப் பின் அடிக்கிற மிஷினில் நிற்பேன். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே, ஷூ போட்டுக்கொண்டே. வீட்டில் நானும் என் மனைவி அஞ்சலையும் மட்டும். மகள் பவானியைத் தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். நாங்கள் அதைச் சின்ன ஆஸ்பத்திரி என்போம். செவ்வாய்க்கிழமை அங்கே சர்க்கரைக்காரர்கள் நாள். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் உட்கார வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். மிஷினில் எண் வரும். நோட்டில் எழுதுவார்கள். மாத்திரை கொடுப்பார்கள். டாக்டர்கள் ஆறு மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டே இருந்தார்கள். மாறாமல் இருந்தவர் விஜயா சிஸ்டர் ஒருவர்தான்.

அவரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. நல்லவர். மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து அஞ்சலைக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனவர். எண் நல்லபடியாக வந்தால் நோட்டில் பச்சைப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "குட்ண்ணே, இப்படியே இருங்க" என்பார். கூடி வந்தால் வரிசையே கேட்கிற மாதிரித் திட்டுவார்.

அந்தத் திட்டுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்தோம். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது. சனிக்கிழமை ராத்திரியோடு சோற்றை நிறுத்திவிடுவோம். ஞாயிறும் திங்களும் கோதுமைக் கஞ்சி. மற்ற நாளில் மறந்துபோகிற மாத்திரையை அந்த இரண்டு நாளும் மணி பார்த்துப் போடுவோம். செவ்வாய்க்கிழமை எண் அழகாக வரும், பச்சை வட்டம் கிடைக்கும். வெளியே வந்ததும் நேராக எதிரில் இருக்கும் டீக்கடை. "மாஸ்டர், சர்க்கரை தூக்கலா ஒண்ணு போடு, பாஸாயிட்டேன்" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு நான்கு வருடத்தில் பெரும்பாலும் பச்சை வட்டம்தான்.

போன வருடத்தின் கடைசியிலேயே கால் மரத்துப்போக ஆரம்பித்திருக்க வேண்டும். நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்துவிடும், பத்தடி போன பிறகுதான் தெரியும். "செருப்பத் தொலைச்சிட்டு நடக்குற மனுசன இப்பத்தான் பாக்குறேன்" என்று அஞ்சலை சிரித்தாள். சர்க்கரை கட்டுப்படாமல் ரொம்ப நாள் இருந்தால் பாதத்தின் நரம்பு செத்துப்போகுமாம். குத்தினாலும் சுட்டாலும் வலிக்காது. இது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூவைக் கழற்றியபோது வலது காலுறையில் ரத்தக்கறை. ஷூவைத் தட்டினேன். உள்ளே இருந்து ஒரு கம்பிப் பின் விழுந்தது, நான் மிஷினில் அடிக்கிற அதே பின். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை, துளிக்கூட வலி இல்லை. வலி இல்லாததால் பெரிதாக இருக்காது என்று நினைத்தேன். மஞ்சள் வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, செவ்வாய்க்கிழமை சிஸ்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். அஞ்சலையிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சின்ன ஆஸ்பத்திரி வாசலில் கோலம் போட்டிருந்தது. ஜன்னலுக்குப் புதுத் திரை. விஜயா சிஸ்டர் இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவையில் இருந்தார். மேலிடத்திலிருந்து தரம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றார்கள். நோயாளிகளைச் சரியாகக் கவனிக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்களாம், நல்ல மதிப்பெண் வந்தால் சான்றிதழ் கிடைக்குமாம்.

ஷிப்டுக்குப் போகிற வழி என்பதால் நான் ஷூவோடு உட்கார்ந்திருந்தேன். காட்டலாமா வேண்டாமா என்று மனது அடித்துக்கொண்டது. சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது கிழிந்த பாயை எடுத்து விரிப்போமா? சிஸ்டருக்கு நல்ல நாள், அன்றைக்குப் போய்ப் புண்ணைத் திறந்து காட்டுவதா என்று இருந்தது. இன்னொன்றும் உண்டு. மதிப்பான ஒரு பெண்பிள்ளை முன்னால் காலை நீட்டி நமக்குப் பழக்கமில்லை. நீட்டினால் மரியாதைக்குறைவு. அவராகவும் நான்கு வருடத்தில் ஒரு நாளும் ஷூவைக் கழற்றுங்கள் என்று சொன்னதில்லை.

தரம் பார்க்க வந்த மேடம் கையில் ஒரு பெரிய போன் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தார்.

"எவ்ளோ நேரம் காத்திருக்கீங்க?"

"இப்பத்தான் வந்தேன் மேடம்." வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

"மரியாதையா பேசுறாங்களா?"

"பேசுறாங்க."

"மாத்திரை தட்டுப்பாடு இல்லாம கிடைக்குதா?"

"கிடைக்குது." இது உண்மை.

"வருசத்துக்கு ஒரு தடவையாவது உங்க காலைத் தொட்டுப் பரிசோதிச்சுப் பாப்பாங்களா?"

நான் தலையைத் தூக்கினேன். அறைக் கதவருகே விஜயா சிஸ்டர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளையின் முகம். ஷூவுக்குள்ளே பிளாஸ்திரி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பாங்க மேடம்" என்றேன்.

மேடம் போனைத் தொட்டார். அவ்வளவுதான். அன்றைக்கும் எனக்குப் பச்சை வட்டம்.

அடுத்த வாரம் அஞ்சலை வீட்டைத் தலைகீழாகப் போட்டாள். எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்றாள். பீரோவை நகர்த்தினாள், அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைகூடப் போட்டாள். வெள்ளிக்கிழமை எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து கட்டிலில் படுத்திருந்தேன். போர்வை போர்த்த வந்தவள் என் கால்மாட்டில் அப்படியே நின்றுவிட்டாள்.

"காலக் காட்டு."

"ஒண்ணுமில்ல அஞ்சல..."

"யோவ், காலக் காட்டுன்னு சொல்றேன்ல!"

கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடத்தில் அவள் என்னை யோவ் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். காலுறையை உரித்தாள். பாதம் பாதி வரை வீங்கி, சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவள் அழவில்லை. "நாலு நாளா நான் எலியத் தேடிக்கினு இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் கிடைக்க நேரமானது. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அஞ்சலை என் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் மூக்கைப் பொத்தினார்கள். காலை எடு என்றேன். "சும்மா இருங்க" என்றாள்.

பார்த்தவர் ஓர் இளம் டாக்டர். என் சின்ன ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டினார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? பச்சை பச்சையா போட்டிருக்காங்க?"

வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். செவ்வாய்க்கிழமை எண் அந்த ஒரு நாள் சர்க்கரையைத்தான் காட்டும்; இந்தப் பரிசோதனை மூன்று மாதத்துச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டிவிடும் என்றார். இரண்டு நாள் கஞ்சி குடித்து அதை மாற்ற முடியாது. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்குப் பதினொன்றைத் தாண்டியிருந்தது.

பிறகு ஒரு சின்ன கைப்பிடி எடுத்தார், அதன் முனையில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. "கண்ண மூடிக்கங்க. இத வச்சி பாதத்துல தொடுவேன். தொடுறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க."

கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. அவர் காத்திருந்தார். பாவம், எவ்வளவு நேரம் காத்திருப்பார், அவருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்.

"ஆமா" என்றேன்.

மறுபடி, "ஆமா சார்."

"கண்ணத் திறங்க" என்றார். இழை இன்னும் அவர் கையில், என் காலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. "நான் இன்னும் தொடவே இல்லியே. யாருக்காகச் சொல்றீங்க?"

அஞ்சலை புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை. இன்னொரு முறை கண்ணை மூடச் சொல்லி எல்லா இடத்திலும் தொட்டிருக்கிறார். வலது காலில் ஓரிடத்திலும் எனக்குத் தெரியவில்லை. இடது காலில் பாதத்தின் உள்வளைவில் மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு உண்மையை உண்மையாகவே சொன்னார். எக்ஸ்ரேயில் விரல் எலும்பு வரை சீழ் போயிருக்கிறது. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று தெரிய இரண்டு நாள் ஆகும். அதற்குள் வீக்கம் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். ஏறாவிட்டால் விரலோடு போகும். டாக்டர் பேனாவால் என் கணுக்காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "சிவப்பு இந்தக் கோட்டத் தாண்டுதான்னு பாத்துக்கினே இருங்கம்மா" என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என் வாழ்க்கையில் அந்தக் கோட்டைப் போல் வேறெதையும் நான் பார்த்ததில்லை. நிற்கிற வேலைக்காரனுக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்? யோசிக்கக் கூடாது என்று கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அஞ்சலை கண்ணாடி போடுகிறவள். என்னை நம்பாமல் குனிந்து அவளும் பார்ப்பாள். பவானி தவளக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிச் சாப்பாடு கொண்டுவருவாள். வந்ததும் தூக்குவாளிக்கு முன்னால் போர்வையைத்தான் திறப்பாள். "அப்படியேதாம்பா இருக்கு" என்பாள். அவள் சொன்னால் அரை மணி நேரம் நிம்மதி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அவருக்கும் காலில் புண். அவர் எதற்கும் சண்டை போடுவார். கட்டுப் பிரிக்க லேட்டானால் சண்டை, ஊசி போட்ட இடம் வலித்தால் சண்டை, விசிறி சத்தம் போட்டால் சண்டை. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு கவனித்தேன், அவருடைய கட்டு நேரத்துக்குப் பிரிக்கப்பட்டது. எனக்கு மதியம் ஆகும்.

"யோவ், நீ ஊமையா?" என்றார் இரண்டாம் நாள்.

"இல்லைங்க."

"காலுல ஈ உக்காந்துக்கினு இருக்குது, கட்டு நனைஞ்சிருக்குது, நீ அந்த நர்சப் பாத்துச் சிரிக்கிற. உன் காலா, அவங்க காலா?"

"அவங்களுக்கு நிறைய வேலைங்க."

"அதுல உன் காலும் ஒரு வேலதான்யா!" என்று கத்திவிட்டு, நர்ஸைப் பிரெஞ்சில் கூப்பிட்டார். "மத்மோசேல்! இந்தாளு கேக்க மாட்டான், நான் கேக்குறேன். இவன் கட்ட மாத்து!"

"தாத்தா, உங்க வாயிக்குத்தான் முதல்ல கட்டுப் போடணும்" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் வந்து மாற்றினார். வார்டே சிரித்தது, அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

அன்று மாலை காலில் ரத்த ஓட்டம் பார்த்தார்கள். பாதத்தின் மேல் பசை மாதிரி ஒன்றைத் தடவி ஒரு குச்சியை வைத்தால், ரத்தம் ஓடுகிற சத்தம் பெட்டியில் கேட்கும். சத்தம் இருந்தால் வெட்டிய இடம் ஆறும், இல்லாவிட்டால் ஆறாது. முதலில் கரகரப்பு மட்டும் வந்தது. குச்சியை நகர்த்தினார். உஷ், உஷ், உஷ் என்று கேட்டது. "இருக்கு" என்றார் டாக்டர். அஞ்சலை பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் காலின் சிவப்பு அந்தக் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழேயே நின்றிருந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். அழுகின சதையைச் சுரண்டினார்கள். நினைவு இருந்தது. டாக்டர்கள் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பாதம் இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன், நானாக வாய் திறந்து. "இருக்குது, பயப்படாதீங்க" என்று முகமூடிக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்.

இருபத்திரண்டு நாள் அங்கே இருந்தேன். படுத்துக்கொண்டே அந்த மேடத்தின் கேள்விகளுக்கு மறுபடி பதில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் சின்ன ஆஸ்பத்திரி எப்படி? சுத்தமாக இருக்கிறது. மாத்திரை இல்லை என்று ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. சிஸ்டர் திட்டினாலும் பேர் சொல்லித் திட்டுவார், எங்கள் எல்லோர் பேரும் அவருக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். விரல் நுனியைப் பார்ப்பார்கள், காலைப் பார்க்க மாட்டார்கள். மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருப்பதை யாரும் சொன்னதில்லை. நாங்களும் ஒழுங்கில்லை. நாங்கள் கொடுத்தது பொய்க்கணக்கு, அவர்கள் அதற்குப் பச்சை வட்டம் போட்டார்கள். இதுதான் சரியான பதில். இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால், காலைக் காட்டுங்கள் என்று அந்த மேடமே சொல்லியிருப்பார். ஷூவைக் கழற்றியிருப்பேன். விரல் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கம்பு ஊன்றிக்கொண்டு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சலை கூட வந்தாள். வரிசையில் இருபது பேர். விஜயா சிஸ்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"கேள்விப்பட்டேண்ணே. ஏண்ணே, புண்ணு இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது மறந்துவிட்டது.

"நீங்க ஒரு நாளும் கால் பாக்கல சிஸ்டர். அந்த மேடம் கேட்டாங்க, பாப்பாங்கன்னு சொல்லிட்டேன். அப்ப ஷூவுக்குள்ள புண்ணு இருந்துச்சு. நான் சொன்னது பொய்யி."

சிஸ்டர் முகம் சிவந்தது.

"ஒரு செவ்வாய்க்கு எண்பது பேருண்ணே. நான் ஒருத்தி. எப்படி ஒவ்வொருத்தரையும்..."

"தெரியும் சிஸ்டர். இன்னொண்ணும் சொல்லணும். நோட்டுல இருக்கிற பச்ச வட்டமும் பொய்யி. சனிக்கிழமையிலேர்ந்து கஞ்சி குடிச்சிட்டுதான் வருவேன். நான் மட்டுமில்ல..."

"யோவ்! யோவ்! உன்னோட நிறுத்திக்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்கள ஏன் மாட்டி விடுற?" டீக்கடையில் பாஸாயிட்டேன் என்பவர்தான். சில பேர் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. வரிசையை ஒருமுறை முழுக்கப் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவங்க மறுபடி வருவாங்க, சான்றிதழ் கொடுக்கறதுக்கு முன்னாடி" என்றார் என்னிடம், குரல் இறங்கி. "அப்பவும் இதச் சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன் சிஸ்டர்."

அவர் உள்ளே போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். அஞ்சலை என் கையைப் பிடித்து, "வாங்க போலாம்" என்றாள். நாங்கள் திரும்புவதற்குள் சிஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். என் எதிரில் போட்டு அதில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலை விட்டுவிட்டு, இடது காலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்தக் காலக் கொடுங்கண்ணே."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேணாம் சிஸ்டர், கழுவக்கூட இல்ல, தூசா இருக்கு" என்றேன்.

"பரவால்ல, கொடுங்க."

செருப்பைக் கழற்றினேன். அவர் என் பாதத்தைத் தூக்கித் தன் மடிமேல், அந்த வெள்ளைப் புடவைமேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். குதிகாலைத் திருப்பினார். அங்கே ஒரு வெடிப்பு, உள்ளே சிவப்பாக இருந்தது. கம்பு ஊன்றியதில் இருந்து பாரம் முழுவதும் அந்தக் காலில்தான். எனக்கு அது இருப்பதே தெரியாது. அவர் குனிந்து வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

காலை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு தடவை தோன்றியது. இழுத்துக்கொள்ளவில்லை.